பிள்ளைகளின் வழக்கும் பெரியோரின் தீர்ப்பும்

பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டையிடுவர் என்பது எக்காலத்தும் எத்தேசத்தும் உள்ள உண்மை. அவ்வாறு சண்டையிடும் பிள்ளைகளைப் பெரியோர் என்ன செய்கின்றனர் என்பதிலேதான் காலத்துக்குக் காலம் வேறுபாடு காணப்படுகின்றது. நமது பாடசாலைகளில் இதற்கு இரண்டு மார்க்கங்கள் கைக்கொள்ளப்படுகின்றன. ஒன்று பழையது, பிரம்பு. மற்றது அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்தது; புன்னகை. பிரம்பை ஏந்தியவர் இருவருக்கும் அடி கொடுத்து அனுப்புகின்றார். புன்னகையை ஏந்தியவர் இருவரையும் கைகுலுக்கச் செய்து, ஒருவரிடம் மற்றவரை மன்னிப்புக் கேட்கச் செய்து, சுவரில் ஒட்டப்பட்டுள்ள வெண்புறாவைச் சுட்டிக்காட்டி அனுப்புகின்றார். முன்னவரைப் பிற்போக்காளர் என்றும் பின்னவரை முற்போக்காளர் என்றும் கருத நாம் பழகிவிட்டோம். இருவரும் செய்வது ஒரே காரியம் என்பதே எனது வாதம். சண்டை பிள்ளைகளுடையது, அதனை அவர்களிடமிருந்து பறித்தெடுத்துத் தமது வசதிக்கேற்ப முடித்துவைப்பதில் இவ்விருவர்க்குமிடையே யாதொரு பேதமும் இல்லை. தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட சண்டையிலிருந்து பிள்ளைகள் கற்பது மிகச் சொற்பம். அச்சொற்பமும் நாம் அவர்கள் கற்கவேண்டுமென விரும்பாத ஒன்று.

பழைய மார்க்கத்தை முதலில் நோக்குவோம். அது பிரம்பிலே தொடங்குவதில்லை, கரும்பலகையிலே தொடங்குகின்றது. ஆசிரியர் வகுப்பில் இல்லாத வேளையில் மொனிற்றர் வெண்கட்டியை எடுத்து, கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கீறி, 'கதைப்போர்' எனத் தலைப்பிட்டுப் பெயர்களை எழுதும் வழக்கத்தை அறியாதார் இதனை வாசிப்போருள் எவரும் இரார். மீண்டும் கதைத்தால் பெயரின் அருகே ஒரு புள்ளடி. சண்டையிட்டால் இரண்டு புள்ளடி. ஆசிரியர் வந்ததும் பட்டியலை நோக்குகின்றார். பெயருக்கு ஒன்றும் புள்ளடிக்கு ஒன்றுமாக அடி விழுகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையின் நேர் வாரிசு இந்த மொனிற்றர். திண்ணை போயிற்று, மணலில் எழுதும் வழக்கம் போயிற்று, ஏடும் எழுத்தாணியும் போயின. சட்டாம்பிள்ளை மாத்திரம் இன்னும் போகவில்லை.

நான் தரம் 4இல் மொனிற்றராக இருந்தேன். ஆதலால் இவ்விடயத்தில் பிறரைக் குறைகூறுமுன் என்னைக் குறைகூறுதலே முறை. ஒருநாள் எமது வகுப்பில் இருவர் ஓர் அடிமட்டத்துக்காகச் சண்டையிட்டனர். அவர்களுள் ஒருத்தி எனது அயல்வீட்டுத் தோழி. அடிமட்டம் தன்னுடையது, அப்பா வாங்கித் தந்தது என்றாள் அவள். மற்றவளோ தனது அழிறப்பரைக் கொடுத்து அதனை மாற்றி வாங்கிவிட்டதாகச் சொன்னாள். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கலாம். மாற்றிக் கொண்டதை மீண்டும் கேட்கலாமா, ஒரு நாளைக்கென மாற்றினார்களா, என்றைக்குமென மாற்றினார்களா என்பன உண்மையிலேயே நுட்பமான கேள்விகள்; வழக்கறிஞர்கள் பணம் வாங்கிக்கொண்டு வாதிடும் கேள்விகள் இவற்றைவிட நுட்பமானவை என்று நான் நினைக்கவில்லை. நான் அவற்றைக் கேட்கவில்லை. இருவர் பெயரையும் எழுதினேன். ஆசிரியர் வந்தார், அவரும் கேட்கவில்லை. அந்த அடிமட்டத்தையே கையில் வாங்கி, இருவரது உள்ளங்கையிலும் இவ்விரண்டு அடி கொடுத்து, அதனைத் தமது மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். தவணை முடியும்வரை அது அங்கேயே கிடந்தது.

அன்று அவ்வகுப்பிலிருந்த பிள்ளைகள் அனைவரும் ஒரு பாடம் கற்றனர். பொருள் யாருடையது என்பது முக்கியமன்று; சத்தம் போடாதிருத்தலே முக்கியம். வலிமை உள்ளவர் விசாரிக்கத் தேவையில்லை. நான் இதற்குமேலும் ஒன்றைக் கற்றேன். வெண்கட்டி எனது கையில் உள்ளவரை எனது பெயர் பட்டியலில் வராது என்பதே அது. எனது பள்ளிப் பருவத்தில் நான் ஐயந்திரிபறக் கற்ற அரசியற் பாடம் அதுவென்று இப்போது தோன்றுகின்றது.

பிரம்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைப் பிரம்பை ஏந்துவோரும் அறிவர். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்தது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தினால் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவரைக் கொடுமைப்படுத்தல் தனியொரு குற்றமாக்கப்பட்டது. 2005இல் கல்வியமைச்சு தனது 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தினால் பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென அறிவித்தது. 2021 பெப்ருவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்தமை பற்றிய வழக்கில், அது கொடூரமானதும் மனிதத்தன்மையற்றதுமான நடத்துகையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பின்னரும் ஆசிரியர் ஓய்வறைகளில் 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி ஒரு கல்வியியற் கோட்பாடாகவே வழங்குகின்றது. பெற்றோரும் சளைத்தவரல்லர். கண்ணிரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் எனச் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த பரம்பரை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

"நாங்களும் அடி வாங்கித்தானே ஆளானோம்" என்பது இவர்களது இறுதி வாதம். அடி வாங்கி ஆளாகாமற் போனவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்து தமது கட்சியை எடுத்துரைக்க வருவதில்லை என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தரம் 8உடன் பாடசாலையை விட்டவனின் சாட்சியம் இவ்வழக்கில் பதிவாவதே இல்லை.

அடியினால் வகுப்பு அமைதியாகின்றது என்பது மெய்தான். யார் இருக்கும்போது அமைதியாகின்றது என்பதே கேள்வி. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர், லிப்பிற், வைற் ஆகிய இருவருடனும் சேர்ந்து பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி, சிலவற்றைக் கட்டளையிடும் தலைவரிடமும் சிலவற்றைக் கலந்து பேசும் தலைவரிடமும் சிலவற்றை எதிலும் தலையிடாத தலைவரிடமும் விட்டுப் பார்த்தார். முடிவுகள் 1939இல் வெளியாயின. கட்டளைத் தலைவரின் கீழ் இருந்த சிறுவர்கள் ஒன்றில் ஒருவரையொருவர் தாக்கினர், அல்லது உயிரற்றவர் போல் ஒடுங்கிக் கிடந்தனர். தம்முள் ஒருவனைப் பலியாளாக்கி எல்லாருமாக வதைத்ததும் உண்டு. தலைவர் வெளியே சென்றதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவர் வெளியே சென்றபோதோ வேலை பெரும்பாலும் தொடர்ந்தது. நமது வகுப்பறைகளுக்கு இதனை எடுத்துக்கூற அயோவாவுக்குப் போக வேண்டியதில்லை. அடிக்கும் ஆசிரியரின் வகுப்பு அவர் இல்லாத அரைமணி நேரத்தில் எழுப்பும் ஓசையை மூன்று கட்டடத்துக்கு அப்பாலிருந்தே கேட்கலாம். மொனிற்றரும் கரும்பலகைப் பட்டியலும் தேவைப்படுவதே அதனால்தான்.

இனிப் புன்னகையின் மார்க்கத்துக்கு வருவோம். இதனைக் கண்டிப்பது சற்றுக் கடினம்; நல்லெண்ணம் கொண்டோர் பலர் இதில் உள்ளனர். செப்டெம்பர் 21ஆந் திகதி சர்வதேச சமாதான தினம். அன்று பிள்ளைகள் வெள்ளைக் கடதாசியில் புறா வெட்டுவர், அதிபர் உரையாற்றுவார், முதலாமிடம் பெற்ற சித்திரத்துக்குப் பரிசு உண்டு. அப்பரிசுக்காக இரண்டு பிள்ளைகள் வர்ணப்பெட்டியைப் பிடுங்கிச் சண்டையிட்டால் இருவரும் போட்டியிலிருந்து விலக்கப்படுவர். சமாதானத்தைப் பற்றிய சித்திரம் வரையும் இடத்தில் சமாதானம் செய்துகொள்ள நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதில்லை.

கல்வியமைச்சு சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையை வெளியிட்டது 2008ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரியிலேதான் யுத்தநிறுத்த உடன்படிக்கையிலிருந்து அரசாங்கம் விலகியது. இம்முரணைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பது எளிது. நான் அதனைச் செய்ய விரும்பவில்லை, அக்கொள்கையை எழுதியோருள் மனப்பூர்வமாக எழுதியோரும் இருந்திருப்பர். ஆயின் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமது நாட்டின் யுத்தம் தரம் 3 வகுப்பறையில் தொடங்கியதன்று. மொழி, காணி, கல்வி, அதிகாரம் என்பன பற்றிய பிணக்குகளிலிருந்து அது பிறந்தது. பிள்ளைகள் கைகுலுக்கக் கற்றிருந்தால் 1983 நிகழ்ந்திராது என்பது போன்ற பேச்சு, அதிகாரத்தில் இருந்த வயதுவந்தோரின் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளைகளின் தலையில் சுமத்துவதாகும். சமாதானக் கல்வி இவ்வளவு பெரிய வாக்குறுதியைத் தந்து தன்னைத் தானே கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் உண்மையான வேலை சிறியது, திட்டமானது: ஒரு பிணக்கில் என்ன நடந்தது என்று கேட்கவும், கேட்டதைத் திரும்பச் சொல்லவும், தனது நியாயத்தை நடுங்காமல் எடுத்துரைக்கவும் பிள்ளையைப் பழக்குவது.

ஒரு நாளைக்குச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளையும் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி ஓரிடத்தில் உணவளித்துத் திருப்பி அனுப்பும் பரிமாற்றங்களும் இத்தகையனவே. 1954இல் ஒக்லஹோமாவில் முஸாபர் ஷெரீப் நடத்திய சிறுவர் முகாமில், பகைமை மூண்ட இரு குழுக்களையும் ஒன்றாக அமர்த்தி உணவளித்தபோது அவர்கள் உணவை எடுத்து ஒருவர்மீது ஒருவர் எறிந்தனர். தண்ணீர் வராமற் போனபோது இரு குழுவும் சேர்ந்து அதனைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அத்தகைய சில வேலைகளுக்குப் பின்னரே பகைமை தணியத் தொடங்கியது. விருந்தால் ஆகாதது வேலையால் ஆயிற்று.

கட்டாய மன்னிப்பு இப்புன்னகை மார்க்கத்தின் மையச் சடங்கு. "சொறி சொல்லு" என்கிறார் ஆசிரியர். பிள்ளை சொல்கின்றது. "கையைக் குடு" என்கிறார். கொடுக்கின்றது. வருந்தாத பிள்ளையை வருந்துவதாகச் சொல்லவைப்பதும், பொறுக்காத பிள்ளையைப் பொறுத்ததாகச் சொல்லவைப்பதும் பொய் சொல்லப் பழக்குவதன்றி வேறென்ன? இதில் அதிக நட்டம் அடைவது நியாயம் தன் பக்கம் உள்ள பிள்ளையே. பென்சிலைப் பறிகொடுத்தவளும் பறித்தவளும் அச்சடங்கில் சமமாகிவிடுகின்றனர். பிரம்பாவது, நீ தோற்றாய் என்பதை மறைக்காமற் சொல்கின்றது.

நோர்வே நாட்டுக் குற்றவியலறிஞர் நில்ஸ் கிறிஸ்ரி 1977இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பிணக்கு என்பது அதற்குரியவர்களின் உடைமை என்றும், நவீன அரசும் அதன் சட்டத்தரணிகளும் அவ்வுடைமையைக் களவாடிவிட்டனர் என்றும் வாதிட்டார். அவர் பேசியது நீதிமன்றங்களைப் பற்றி. நமது வகுப்பறைகளுக்கு அது மேலும் நன்கு பொருந்துகின்றது. நீதிமன்றத்திலாவது வழக்காளியின் பெயரைக் கூப்பிட்டு அவர் தரப்பைக் கேட்கின்றனர்.

பிள்ளைகளால் தமது பிணக்கைத் தாமே தீர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்போர் பாடசாலை மணி அடித்தபின் முற்றத்தில் அரைமணி நேரம் நின்று பார்ப்பாராக. ஜீன் பியாஜே அதனையே செய்தார். ஜெனீவாவிலும் நியூஷதெல்லிலும் சிறுவர்கள் போளை அடிப்பதை அருகிருந்து பார்த்து, விதிகளைப் பற்றி அவர்களிடம் கேட்டு, 1932இல் பிள்ளைகளின் ஒழுக்கத் தீர்ப்புப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். சிறிய பிள்ளைகள் விதியைப் பெரியோர் வகுத்தது, மாற்றவொண்ணாதது என்று எண்ணினர். ஆயினும் விளையாடும்போது அதனைப் பேணவில்லை. பத்து வயதை அண்டிய பிள்ளைகளோ, விதி என்பது நாம் எல்லாரும் உடன்பட்டால் மாற்றக்கூடியது என்றனர்; அவ்வாறு சொன்னவர்களே அதனைப் பேணியும் நடந்தனர். பெரியோரின் அதிகாரத்தால் அன்றி, ஒத்த வயதினரோடு கூடிச் செயற்படுவதாலேயே இம்மாற்றம் நிகழ்கின்றது என்பது பியாஜேயின் முடிபு. (சிறுமியரின் விளையாட்டுக்களில் விதிகள் அவ்வளவு விரிவாக இல்லை என்றும் அவர் கருதினார். அவர் எங்கள் ஊர்ச் சிறுமியர் கொக்கான் வெட்டுவதைப் பார்த்திருக்கவில்லை.)

கிளித்தட்டில் ஒருவர் அடிபட்டாரா இல்லையா என்ற தகராறு நாளொன்றுக்குப் பத்துத் தடவை எழும். எவரும் ஆசிரியரிடம் ஓடுவதில்லை. ஓடினால் ஆட்டம் நின்றுவிடும். 'அலாப்பி' என்று பெயரெடுத்தவனை அடுத்த ஆட்டத்துக்கு எவரும் சேர்ப்பதில்லை என்ற ஒரேயொரு தண்டனையுடன் ஆட்டம் தொடர்கின்றது. கோபம் போட்ட இருவர் மூன்றாம் நாள் நேசம் போட்டுக்கொள்ளும் சடங்கும் அவர்களே ஆக்கிக்கொண்டது. நாம் பாடவிதானத்தில் புகுத்தப் பார்க்கும் திறன்களுட் பல முற்றத்திலேயே உள்ளன. மாலை நேர வகுப்புக்கள் அம்முற்றத்தை வெறுமையாக்கிவிட்டன என்பது வேறு கதை.

எனினும் முற்றத்தைப் புகழ்ந்து பாடிவிட்டு நின்றுவிட என்னால் இயலாது. முற்றத்தில் சேர்க்கப்படாத பிள்ளையும் உண்டு. கால் ஊனமுற்றவன், அழுக்குச் சட்டைக்காரி, பெற்றோர் பெயர் சொல்லத் தயங்கும் குடும்பத்துப் பிள்ளை என்போர் ஓரத்தில் நிற்பர். அவர்களுக்குச் சண்டைகூட இல்லை. சண்டையிடவும் ஆட்டத்தில் இடம் வேண்டும். சிக்காகோவில் பாலர் வகுப்பாசிரியையாக இருந்த விவியன் பேலி இதனைக் கண்டு, விளையாட வருபவரை வரவேண்டாமென எவரும் சொல்லக்கூடாது என்ற ஒரு விதியைத் தமது வகுப்பில் கொண்டுவந்தார். 1992இல் அதனை நூலாகவும் எழுதினார். அவ்விதியைப் பிறப்பிக்குமுன் மேல் வகுப்புப் பிள்ளைகளிடமும் சென்று, இது நியாயமா, நடக்குமா என்று கேட்டுக் கலந்தாலோசித்தார் என்பதே என்னைக் கவர்ந்தது.

இங்கேதான் எனது இடதுசாரி நண்பர்கள் எழுப்பும் ஆட்சேபத்துக்கு முகங்கொடுக்க வேண்டியுள்ளது. சமாதானம் போதிப்பது அடங்கிப்போகப் போதிப்பதாகும் என்பர் அவர்கள். வர்க்கமாகவும் சாதியாகவும் பிளவுண்ட சமூகத்தில் பிள்ளைகளுக்குச் சமரசம் கற்பிப்பது ஒடுக்குவோனுக்கு உதவுவதே என்பர். இவ்வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை, நிலத்திலே இருந்தனர். அவ்வகுப்பறைகள் அமைதியாகவே இருந்தன. அங்கே சண்டை நிகழ்ந்ததாக எவரும் சொல்லவில்லை. 1930ஐ அண்டிச் சமஆசனத்தை நடைமுறைப்படுத்த முயன்றபோதுதான் சண்டை மூண்டது. பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீவைக்கவும் துணிந்தனர். அமைதியைக் குலைத்தவர் யார் என்று அன்று கேட்டிருந்தால் சமஆசனம் கேட்டவரையே பலரும் சுட்டியிருப்பர்.

ஆகவே அமைதி வேறு, சமாதானம் வேறு. நண்பர்கள் எதிர்ப்பது அமைதியை. நானும் அதனையே எதிர்க்கின்றேன். ஆனால் சமஆசனம் கேட்பதற்கு ஒரு பிள்ளைக்கு எது தேவை? எனக்கு நிகழ்வது அநியாயம் என்பதைச் சொற்களில் சொல்லத் தெரிய வேண்டும். மற்றவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். அவர் தரும் மறுமொழியைக் கேட்டு அதிலுள்ள ஓட்டையைக் காணத் தெரிய வேண்டும். கரும்பலகைப் பட்டியலும் சரி, கட்டாயக் கைகுலுக்கலும் சரி, ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு இவற்றுள் எதனைத் தருகின்றன?

ஒரு வரையறையை மாத்திரம் இங்கு வற்புறுத்துவேன். இருவர் ஏறத்தாழச் சமபலத்தோடு மோதுவதே பிணக்கு. பெரியவன் சிறியவனை நாள்தோறும் வதைப்பது பிணக்கன்று; அது கொடுமை. அதில் இருதரப்பையும் அமர்த்திப் பேசவைத்தல் வதைபட்டவனை மேலும் ஒருமுறை வதைத்தலாகும். அங்கே ஆசிரியர் தமது அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தி வதைப்பவனைத் தடுக்கவே வேண்டும். எது பிணக்கு, எது கொடுமை எனப் பிரித்தறியும் கண் ஆசிரியருக்கு வேண்டும். பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அக்கண் திறவாது.

இவை யாவும் ஏட்டளவில் நன்று, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எவ்வாறு நடக்கும் என்ற கேள்விக்கு, நான் கண்ட ஒன்றைச் சொல்கின்றேன். கல்வியியற் பாடத்தின் பொருட்டு ஆரம்பப் பாடசாலையொன்றின் தரம் 3 வகுப்பில் சில நாட்கள் அமர்ந்திருந்தேன். பிள்ளைகள் யோகட் கோப்பைகளில் பயறு முளைக்க வைத்திருந்தனர். ஒருநாட் காலை ஒருவனுடைய கோப்பை நசுங்கிக் கிடந்தது. நசுக்கியவன் யாரென்பது எல்லாருக்கும் தெரியும். ஆசிரியை இருவரையும் தமது மேசையருகே வாங்கொன்றில் இருத்தி, மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்தார். கோப்பையை இழந்தவன் முதலில் சொன்னான். பின் ஆசிரியை மற்றவனைப் பார்த்து, "அவர் சொன்னதை நீர் ஒருக்காச் சொல்லும் பாப்பம்" என்றார். அவன் சொன்னது பிழையாக இருந்தது. முன்னவன் மீண்டும் சொன்னான். இவன் மீண்டும் சொன்னான். "ஓம் ரீச்சர், அதுதான்" என்று முன்னவன் ஒப்புக்கொள்ளும் வரை இவனுடைய முறை வரவில்லை. முறை வந்ததும் இவன் தகப்பனுடைய தொழிலைச் சொல்லி முன்னவன் பட்டப்பெயர் வைத்து நான்கு நாட்களாகக் கூப்பிட்ட செய்தி வெளிவந்தது. இப்போது அதனைத் திரும்பச் சொல்லவேண்டியவன் முன்னவன். அவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை. அப்பட்டப்பெயரைத் தானே ஆசிரியைக்கு முன் தாழ்ந்த குரலில் சொல்ல நேர்ந்தது.

இனி என்ன செய்யலாம் என்று இருவரிடமும் ஆசிரியை கேட்டார். தாம் எதனையும் சொல்லவில்லை. எழுத்து வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த மூன்றாமவன் ஒருவன் தீர்ப்புக் கூற வந்தான், அவனை அமர்த்திவிட்டார். புதிய பயறு இருவரும் சேர்ந்து போடுவது, பெயர் சொல்வதில்லை என முடிவாயிற்று. ஆசிரியை அதனைக் கொப்பியொன்றில் எழுதி, அடுத்த திங்கட்கிழமை கேட்பேன் என்றார். எல்லாமாகக் கால் மணி நேரம். கணிதம் அவ்வளவுக்குக் குறைந்தது. அடுத்த வாரமே பட்டப்பெயர் மீண்டும் ஒருமுறை ஒலித்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மீண்டும் இருவரும் வாங்கில் அமர்ந்தனர், அம்முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தரம் 1 பிள்ளைகளுக்கு இவ்வாறு செய்வதில்லை என்றார் அவ்வாசிரியை. ஐந்து, ஆறு வயதில் பிறர் நிலையில் நின்று பார்த்தல் கடினம். அவர்களைப் படம் கீறச் சொல்லி, அல்லது துணிப்பாவைகளைக் கொண்டு கதை சொல்லவைத்து, அதன்பின்னரே பேசவைக்கலாம் என்பது அவர் அனுபவம். பியாஜே வேறு வழியால் கண்டதும் இதுவே.

அவ்வாசிரியை தமது மேலதிகாரிகளின் பாராட்டைப் பெறுபவர் அல்லர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்பதே வலயத்திலிருந்து வருவோர் கேட்கும் கேள்வி. சித்தியடைந்த பிள்ளைகளின் படம் பாடசாலை வாயிலில் பதாகையாகத் தொங்கும். நசுங்கிய கோப்பைக்குப் பதாகை கட்டுவார் இல்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் உனது பக்கத்து வாங்குப் பிள்ளையை நீ வெல்ல வேண்டும் என்று இரண்டு வருடம் சொல்லிவிட்டு, அதே பிள்ளையோடு ஒத்திசைந்து வாழ் என்று சமாதான தினத்தன்று ஒருமணி நேரம் சொல்வது எவ்வகைக் கல்வி? இப்பரீட்சையைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கு விடுகின்றேன்.

இறுதியாக, இவ்விதழை வாசிப்போரான நம்மைப் பற்றி. சிறுபிள்ளைகளுக்குச் சமாதானம் கற்பிக்கவேண்டுமென்று எழுத நமக்கு என்ன அருகதை உண்டு? பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் 1998இல் நிறைவேறியது. நம்மிற் பலர் பிறப்பதற்கு முன்னைய சட்டம் அது. கலைப்பீடத்துக்கு வரும் புதிய மாணவர் ஒருவர் சிரேட்ட மாணவருடன் கருத்து வேறுபட்டால் அவர் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்றேதான்: தலைகுனிவது. சிரேட்டர் விசாரிப்பதில்லை, கேட்பதில்லை, தண்டிக்கின்றார், பின்னர் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தோளில் கைபோட்டு 'இப்போது நாமெல்லாம் ஒன்று' என்கிறார். பிரம்பும் புன்னகையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதை இங்கு காணலாம். இது நமது பண்பாடு, இதனால் ஒற்றுமை வளர்கின்றது என்று வாதிடும் நண்பர்களின் சொற்களைக் கூர்ந்து கேட்டால், நாங்களும் அடி வாங்கித்தானே ஆளானோம் என்ற அதே குரல் கேட்கும். விரிவுரையாளர்கள் இதனை அறியாதவர்களா? விடுதி விறாந்தையில் எதிர்ப்படும்போது மறுபக்கம் திரும்பி நடப்பவர்கள் அறியாமையினால் அவ்வாறு நடப்பதில்லை.

எனது தோழி, அடிமட்டத்துக்கு அடி வாங்கியவள், கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக்கல்விப் பயிற்சி பெறுகின்றாள். விடுமுறையில் சந்தித்தபோது, அந்த அடிமட்டம் உண்மையில் யாருடையது என்று கேட்டேன். அவள் இன்னும் தன்னுடையது என்றே சொல்கின்றாள். மற்றவளிடம் கேட்டால் என்ன சொல்வாளோ, அவள் எங்கிருக்கின்றாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

புதிய அணி இவ்வாண்டு வந்தபோது எங்கள் விடுதியில் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. உடை விதியைப் பேணாதோர், வணக்கம் சொல்லாதோர், அழைத்தபோது வராதோர் என்று மூன்று நிரல். பெயர்களின் அருகே புள்ளடிகள். எழுதியவர் எனது அணியைச் சேர்ந்தவர், நல்ல நண்பர், கல்வியியல் கற்பவர். அதனைக் கிழிக்குமாறு அவரிடம் கேட்டேன். ஏன் கிழிக்க வேண்டுமென்பதையும் இங்கு எழுதியவாறே சொன்னேன். நான் சொன்னதை ஒருமுறை திரும்பச் சொல்லுமாறும் கேட்டேன், அவர் சிரித்தார். இக்கட்டுரையை இதழாசிரியரிடம் கையளிக்கும் இன்றுவரை அப்பட்டியல் கிழிக்கப்படவில்லை.